"இதுக்கு பாட்ஸ் கெடைக்குமா?": மலையகத்தில் தொழிலுக்கு ஒரு நல்ல லெப்டொப் தேடும்போது

நுவரெலியாவில் இருந்து பேலியகொடைக்கும் தம்புள்ளைக்கும் மரக்கறி அனுப்பும் ஒருவருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு லொறி, ஒரு ஸ்டோர், பத்துப் பன்னிரண்டு பேர் வேலைக்கு. அவருடைய பழைய லெப்டொப் விண்டோஸ் 10-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது என்று சொன்னதும், "சரி தம்பி, இந்த முறை நல்லதாவே ஒன்னு எடுப்போம்" என்றார். கொழும்புக் கடை ஒன்றின் விலைப்பட்டியலை ஃபோனில் எடுத்து வைத்துக்கொண்டு கோர் அல்ட்ரா, 32 ஜிபி, ஓஎல்இடி என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுக்கு பாட்ஸ் கெடைக்குமா?"

லொறிக்காரர் கேட்கும் கேள்வி அது. பஞ்சிகாவத்தையில் சாமான் கிடைக்காத வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் மலைநாட்டில் யாரும் தொடமாட்டார்கள். ஏற்றத்தில் நின்றுபோனால் அன்றைய கரட்டும் லீக்ஸும் அங்கேயே வாடும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தபோது, பத்து வருடமாக மற்றவர்களுக்கு லெப்டொப் தெரிவு செய்து கொடுக்கும் நான் அந்தக் கேள்வியை ஒருநாளும் முதலில் கேட்டதில்லை என்பது உறைத்தது.

இணையத்தில் படிக்கக் கிடைக்கும் லெப்டொப் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரு பெருநகரத்து வாசகரை மனதில் வைத்து எழுதப்படுபவை. அவருக்கு சர்விஸ் சென்டர் பக்கத்துத் தெருவில் இருக்கும், கரண்ட் போகாது, மூடுபனி படத்தில்தான் வரும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு தொழில் செய்பவருக்கு அந்தப் பட்டியல்களில் பாதி பொருந்தாது. நம்மைப் பொறுத்தவரை மெஷின் பழுதானால் எத்தனை நாள் கையில் இருக்காது என்பதில் இருந்துதான் கணக்குத் தொடங்குகிறது.

பிரீமியம் என்ற சொல்லுக்குக் கடைகளில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று பார்வைக்கு: மெல்லிய அலுமினிய உடல், பளபளக்கும் திரை, ஒரு விரலால் திறக்கும் மூடி. மற்றது அலுவலகங்களுக்கென்றே செய்யப்படும் வரிசை. லெனோவோவின் திங்க்பேட், ஹெச்பியின் எலைட்புக், டெல்லின் லாட்டிடியூட் எல்லாம் இந்த இரண்டாவது சாதி. (டெல் 2025 ஜனவரியில் தன் பெயர்களை மாற்றியது. லாட்டிடியூட் இருந்த இடத்தில் இப்போது டெல் புரோ என்று வருகிறது. கடைக்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.) திங்க்பேட் 1992-இல் ஐபிஎம் கொண்டுவந்தது, 2005-இல் அந்தப் பிரிவையே லெனோவோ வாங்கிக்கொண்டது. அந்தக் கறுப்புப் பெட்டியின் தோற்றம் மட்டும் இத்தனை வருடத்தில் பெரிதாக மாறவில்லை. கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெருமையடிக்க முடியாத பொருள்.

ஒரே சிப், ஒரே அளவு ரேம், ஆனால் அலுவலக வரிசை ஏன் விலை கூட? அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்குகிறவை பெரிய கம்பனிகள். அழகாக இருக்கிறது என்று ஒரு வங்கி லெப்டொப் வாங்குவதில்லை. நாலைந்து வருடத்துக்கு சாமான் கிடைக்க வேண்டும், கீபோர்டைத் தனியாக மாற்ற வேண்டும், வொரண்டியை மூன்று வருடத்துக்கோ அதற்கு மேலோ நீட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கும். அதனால் அந்த வரிசைகளுக்கு, எந்த ஆணியை எந்த ஒழுங்கில் கழற்றுவது, எந்தச் சாமானுக்கு என்ன இலக்கம் என்று விவரிக்கும் சர்விஸ் கையேட்டைத் தயாரிப்பாளர்களே எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஹட்டன் டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிக்கு அது பெரிய விஷயம். கையேடு இருந்தால் அவர் தைரியமாகத் திறப்பார். இல்லாவிட்டால் "இது கொழும்புக்குத்தான் அனுப்பணும் அண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அலுவலக வரிசைக்குள்ளேயும் எல்லாம் ஒன்றல்ல. 2024-இல் வந்த திங்க்பேட் டி14-இன் ஐந்தாம் தலைமுறையில் ரேமைக் கழற்றி மாற்றலாம். பழுதுபார்க்கும் வசதியை வைத்துப் பொருள்களுக்குப் புள்ளி போடும் ஐஃபிக்ஸிட் அதற்கு 10-க்கு 9 கொடுத்தது. அதே வீட்டுப் பிள்ளையான எக்ஸ்1 கார்பன் இன்னும் மெல்லியது, இலேசானது, விலையும் கூட. ஆனால் ரேம் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டது. வாங்கும்போது 16 ஜிபி என்றால் சாகும்வரை 16 ஜிபிதான். மெக்புக்கிலும் அதே கதை, எயாரில் சேமிப்பகமும் சேர்த்தே ஒட்டித்தான் வருகிறது. ஒட்டப்பட்ட ரேமில் பிழை வந்தால் மாற்ற வேண்டியது முழு மதர்போர்டையும்தான். எனவே கூட விலை கொடுத்தால் கூட வசதி என்ற நம் வழமையான எண்ணம் இங்கே சறுக்கும். என்னைக் கேட்டால், மலையில் இருந்து தொழில் செய்கிறவருக்கு வரிசையின் உச்சியில் இருக்கும் மெஷினைவிட அதற்கு ஒரு படி கீழே, சற்றே தடித்த மெஷின்தான் உண்மையான பிரீமியம்.

இராணுவத் தரம் 810எச் என்று ஸ்டிக்கரில் ஒரு வரி இருக்கும். விழுத்திப் பார்ப்பது, ஈரப்பதத்தில் வைப்பது, குலுக்கிப் பார்ப்பது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எழுதி வைத்த சோதனை முறைகளின் தொகுப்பு அது. அந்தச் சோதனைகளில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து நடத்துவது லெப்டொப் கம்பனிதான், வெளியில் இருந்து ஒருவர் வந்து முத்திரை குத்துவதில்லை. இருப்பது நல்லது. அதை நம்பி நோர்வூட் பஸ்ஸில் மேல் தட்டில் வைக்க வேண்டாம்.

வொரண்டி: மூன்று விதம்

கடையில் "வொரண்டி இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். யாருடைய வொரண்டி என்று கேட்க வேண்டும். ஏஜென்ட் வொரண்டி என்றால் அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற இலங்கை முகவர் பொறுப்பு. ஷொப் வொரண்டி என்றால் கடைக்காரரின் வாய்வார்த்தையும் ஒரு ரப்பர் முத்திரையும்தான். பொருள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து வந்திருக்கும், விலை கணிசமாகக் குறைந்திருக்கும், கடை இருக்கும்வரை வொரண்டி இருக்கும். மூன்றாவது, எந்த நாட்டில் வாங்கினாலும் இன்னொரு நாட்டில் சர்விஸ் கிடைக்கும் சர்வதேச வொரண்டி. அது மொடலுக்கு மொடல், நாட்டுக்கு நாடு வித்தியாசப்படும். தொடரிலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் போட்டால் வொரண்டி எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்று காட்டிவிடும். பணம் கொடுப்பதற்கு முன்பு, கடையிலேயே நின்று, உங்கள் ஃபோனில் அதைச் செய்து பாருங்கள். புதுப்பெட்டி என்று விற்கப்படும் மெஷினின் வொரண்டி ஒரு வருடத்துக்கு முன்பே ஓடத் தொடங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு என்னுடைய மெஷினே செத்தது. நல்ல விலை கொடுத்து வாங்கியது, மிக மெல்லியது, ஷொப் வொரண்டி. மூன்று நாளில் தருகிறோம் என்றார்கள். பிறகு மதர்போர்ட் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும் என்றார்கள். கைக்குத் திரும்பி வரும்போது இருபத்தாறு நாள் கழிந்திருந்தது. இடையில் மாதக் கடைசி. ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் விழும் என்பது வேலையாள் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆறு கடைக்காரர்களுடைய கணக்கை மச்சானின் மகள் ஏ-லெவலுக்குப் படிக்கும் லெப்டொப்பில், அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் விலைப்பட்டியலை வலது பக்கத்தில் இருந்து, அதாவது வொரண்டி நிரலில் இருந்து, வாசிக்கப் பழகினேன்.

அலுவலக வரிசைகளுக்கு ஒன்சைட் என்று ஒரு வொரண்டி உண்டு. ஆள் உங்கள் இடத்துக்கே வந்து சாமானை மாற்றிக் கொடுப்பார். கேட்க இனிமையானது. ஆனால் "உங்கள் இடம்" என்பதில் மஸ்கெலியா அடங்குமா, வெலிமடை அடங்குமா, அடுத்த வேலை நாள் என்பது கொழும்பு எல்லைக்குள் மட்டுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். விற்பனைப் பையன் தலையாட்டியது ஆதாரம் ஆகாது. கண்டியில் ஒப்படைக்கலாமா என்ற கேள்வியும் பெறுமதியானது. ஹட்டனில் இருந்து கொழும்புக்குப் போய் வருவது ஒரு முழு நாள். கண்டி என்றால் அரை நாளோடு முடியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலையகத்தில் வீதியும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்து கிடந்தபோது, கண்டி கூட எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

பணம், வரி

இங்கே விற்கும் லெப்டொப்பின் விலை டொலரில் பிறந்து ரூபாயில் வளர்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. இரண்டு இலட்சத்து மெஷின் பத்து வாரத்தில் மூன்றரை இலட்சம் ஆனதைப் பார்த்தவர்கள் இன்றும் "விலை குறையட்டும், அப்புறம் வாங்கலாம்" என்று காத்திருக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டதில் 2025-இன் பின்பகுதியில் இருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்று முன்பு நான் தாராளமாகச் சொல்லி வந்த அறிவுரையை இப்போது யோசித்துத்தான் சொல்கிறேன்.

2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 சதவீதம். வரியோடு சேர்த்து 5 இலட்சம் ரூபாய் விலை என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய 76,000 ரூபாய் வரி. உங்கள் தொழில் வற் வரிக்குப் பதிவு செய்யப்பட்டிருந்தால், உங்கள் பதிவிலக்கத்தோடு முறையான வரிப் பட்டியல் வாங்கினால் அந்த 76,000-ஐ நீங்கள் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஷொப் வொரண்டிப் பொருளுக்கு அப்படிப்பட்ட பில் கிடைப்பது அபூர்வம். "ஐம்பதாயிரம் குறைவு" என்று பெருமையாக வாங்கி வந்த ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் எனக்குத் தேநீர் தரவில்லை.

பதிவு இல்லாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி கணினியின் விலையை ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்து வருமானத்தில் இருந்து கழிக்கலாம். 5 இலட்சம் என்றால் வருடத்துக்கு 1 இலட்சம். நான் லெப்டொப் தேடும்போது ஆயுளை ஐந்து வருடமாக வைத்துக்கொள்வதும் இதனால்தான். 5 இலட்சத்தை 60 மாதத்தால் வகுத்தால் மாதம் 8,300 ரூபாய் சொச்சம். இரண்டரை இலட்சத்துக்கு வாங்கிய சாதாரண மெஷின் இரண்டு வருடத்தில் கீல் உடைந்து கண்ணை மூடினால் மாதம் 10,400. கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணை என்று வங்கிகள் விளம்பரம் செய்யும்போது, ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றுதானா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வட்டி ஒளிந்திருக்கும்.

கரண்ட், இடி, பனி

மலையகத்துக் கரண்டைப் பற்றி ஒரு தவறான பயம் இருக்கிறது. மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஹீட்டரும் போட்டதும் பல்பு மங்கும், அதனால் லெப்டொப் கெட்டுவிடும் என்பார்கள். கெடாது. லெப்டொப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும்படி செய்யப்பட்டவை. நம்முடைய 230 வோல்ட் கம்பியில் 170 வந்தாலும் அது தன் பாட்டுக்கு வேலை செய்யும். கரண்ட் முழுதாகப் போனாலும் பெட்டரி இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடந்தபோதும், 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டபோதும் முதலில் செத்தது லெப்டொப் இல்லை, இன்டர்நெட் ரூட்டர்தான். ரூட்டருக்கென்று கையடக்கமான சிறிய யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ஓட வைக்கும் பெட்டரிப் பெட்டி, இப்போது கிடைக்கிறது. பல இலட்சத்து மெஷின் வாங்குகிறவர் அதை மறக்கக் கூடாது.

பயப்பட வேண்டியது இடிக்கு. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலங்களில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பின்னேரம் வானம் கறுத்தால் மலையில் இடி எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக ரூட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து லேன் வயர் வழியாக லெப்டொப்புக்குள்ளும் போகும். சார்ஜரைக் கழற்றிவிட்டு லேன் வயரைக் கழற்றாமல் விட்டவர்களின் மெஷின்களை ரிப்பேர் கடைகளில் பார்க்கலாம். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை வழியாகக் கரண்ட் வராது என்பதால் அந்தப் பக்கம் ஆபத்துக் குறைவு. ஆனால் ரூட்டரின் சொந்த சார்ஜர் கரண்டில்தானே இருக்கிறது. வைஃபையில் வேலை செய்வது எளிய தீர்வு. திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் நல்லது, அதற்கு எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும்.

எர்த் என்றதும் இன்னொன்று. அலுமினிய உடல் கொண்ட லெப்டொப்பைச் சார்ஜில் போட்டுத் தடவினால் சிலருக்கு விரல் நுனியில் சுறுசுறு என்று இருக்கும். பழைய லயன் வீடுகளிலும் எர்த் இழுக்காத கடைகளிலும் இது அதிகம். பொதுவாக இது மிகச் சிறிய கசிவுதான், ஆனால் சகிக்க முடியாத எரிச்சல். எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக்கோடு வரும் சார்ஜரை எர்த் உள்ள பொயின்டில் போட்டால் பொதுவாக நின்றுவிடும். துபாயில் இருந்து வரும் மெஷினில் நம்முடைய 13 ஆம்பியர் சதுர முள் பிளக்தான் இருக்கும், அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டு வருவதில் தட்டை முள் இருக்கும். அதற்கு ஒரு அடப்டர் மாட்டி எர்த்தைத் துண்டித்துவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் உண்டு.

குளிர் லெப்டொப்புக்கு எதிரி இல்லை. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் விசிறி தள்ளும் காற்றும் மெல்லியது. ஆனால் அந்தக் காற்று குளிர்ந்திருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. பல தயாரிப்பாளர்கள் 3,000 மீற்றர் உயரம்வரை இயங்கும் என்று குறிப்பிடுகிறார்கள், பிதுருதலாகலை உச்சியே 2,524 மீற்றர்தான். விசிறியே இல்லாத மெக்புக் எயார் கொழும்பு வெக்கையில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வேலையை நுவரெலியாவில் அலட்டாமல் செய்து முடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஈரம்தான் எதிரி. விடியற்காலை நான்கு மணிக்கு லொறியின் முன் கெபினில் குளிரக் குளிரப் பையை வைத்துக்கொண்டு புறப்பட்டு, பேலியகொடையில் இறங்கியதும் பையைத் திறந்து மெஷினை ஓன் செய்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் கீழ்நாட்டு ஈரக்காற்று நீராகப் படியும். மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போலத்தான், ஆனால் மங்குவது மதர்போர்டில். ஜிப்பைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விட்டுவிட்டு எடுத்தால் பிரச்சினை இல்லை. வீட்டிலும், மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் மாதங்களில், மாதக் கணக்கில் அலுமாரிக்குள் பூட்டி வைத்த மெஷினைவிடத் தினமும் ஓடும் மெஷின்தான் சுகமாக இருக்கிறது. அதன் சூடே ஈரத்தை விரட்டும். பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

பிளேன்டீயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். திங்க்பேட் போன்றவற்றில் கீபோர்டில் ஊற்றியது அடியில் வழிந்தோட ஓட்டை வைத்திருக்கிறார்கள். தேயிலைச் சாயம் பெரிய தீங்கு செய்யாது, சீனிதான் உலர்ந்து கீகளைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

சிப்பைப் பற்றி நான் அதிகம் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். கணக்கு, மின்னஞ்சல், உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்கள், ஒரு காணொளிக் கூட்டம், இவற்றுக்கு இன்று அலுவலக வரிசையில் வரும் எந்தச் சிப்பும் தாராளம். 16 ஜிபி ரேம் குறைந்தபட்சம், ஒட்டப்பட்டது என்றால் 32. திரை மேட் ஆக, அதாவது பளபளக்காததாக, இருக்கட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் வெளிச்ச அளவு 400 நிட்ஸுக்குக் குறையாமல் பாருங்கள்.

ஆனால் சிப்பின் இனம் முக்கியம். 2024 நடுவில் இருந்து ஸ்னப்டிரகன் எக்ஸ் சிப்போடு விண்டோஸ் லெப்டொப்கள் வருகின்றன. பெட்டரி நாள் முழுக்க நிற்கும், சூடே ஏறாது. அது ஆர்ம் இனத்துச் சிப், நாம் பழகிய இன்டெல் இனம் அல்ல. பழைய இன்டெல் மென்பொருள்களில் பலவற்றை மொழிபெயர்த்து ஓட்டிவிடும், ஆனால் பிரின்டர் போன்ற சாதனங்களைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளை அப்படி ஓட்ட முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். நம் கடைகளில் இன்னும் கறகற என்று பில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரையும், விரல் ரேகை வைத்து வரவு பதியும் பெட்டியையும், தராசோடு இணைத்த பழைய கருவியையும் நினைத்துப் பாருங்கள். மெக்புக் வாங்குகிறவர்களும் இதே பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தமிழ்த் தட்டச்சும் இதில் சேரும். யூனிகோட் எங்கும் வேலை செய்யும். ஆனால் இருபது வருடமாகப் பாமினியில் அடித்த கடிதங்கள் கோப்புக் கோப்பாக இருக்கிறவர், அந்த எழுத்துருவையும் தான் பழகிய விசைப்பலகைச் செயலியையும் புது மெஷினில் போட்டு, ஒரு பழைய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பழைய மெஷினை விற்க வேண்டும்.

மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது அதற்குள் யாருடைய விபரங்கள் போகின்றன என்பதை நாம் நினைப்பதே இல்லை. என்னுடையதில் நாற்பது பேரின் அடையாள அட்டை இலக்கமும் சம்பளமும் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, சிறிய தொழில்களில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லொக்கர் என்ற பூட்டு இருக்கிறது. அதைப் போட்டால் சேமிப்பகத்தைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் வாசிக்க முடியாது. ஒரு சிக்கல்: மதர்போர்டை மாற்றினால் பூட்டு உங்களையே நம்பாமல் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதைத் தாளில் எழுதிக் காணி உறுதி இருக்கும் இடத்தில் வையுங்கள், லெப்டொப்புக்குள் சேமித்து வைப்பதில் பயனில்லை.

கடைசியில் லொறிக்காரர் அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை என்னோடு பம்பலப்பிட்டிக்கு வந்தார். யுனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக லெப்டொப் கடைகள். முதல் கடையில் மூன்று, இரண்டாம் கடையில் இரண்டு மெஷின்களைத் தூக்கிப் பார்த்தார், மூடியின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக முறுக்கிப் பார்த்தார், கீபோர்டில் கட்டை விரலால் நடுவில் அழுத்தினார். டயரை உதைத்துப் பார்ப்பது மாதிரி என்று நினைத்தேன், ஆனால் அந்த முறுக்கில் ஒரு மெஷின் கிறீச்சென்றது உண்மை. நான் தொடரிலக்கத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கடைக்காரப் பையனிடம், இந்தக் கீபோர்ட் உடைந்தால் எத்தனை நாளில் வரும், பெட்டரி என்ன விலை, கண்டியில் கொடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டார். முதல் கடையில் "பார்த்துச் சொல்றோம் சேர்" என்றார்கள். இரண்டாவது கடையில் பையன் கணினியில் தட்டிப் பார்த்து பெட்டரி விலையைச் சொன்னான்.

அங்கேதான் வாங்கினோம். திங்க்பேட் டி வரிசை, 14 அங்குலம், ஏஜென்ட் வொரண்டி மூன்று வருடம், அதுவும் போன வருட மொடல் என்பதால் கொஞ்சம் குறைவு. பில்லில் கம்பனிப் பெயரும் வற் இலக்கமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று நான் பார்த்தேன். அவர் இன்னொரு ஒரிஜினல் சார்ஜரும் கேட்டு வாங்கி, திரும்பும் வழியில் பேலியகொடை ஸ்டோரில் கொடுத்து, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்.